தவணை முனிவர்

மனித இனத்தில் தவணை முனிவர் என்று ஒரு வகை உண்டு. காட்டுக்குப் போய், தாடி வளர்த்து, மேலே புற்று மூடுகிறவரை உட்கார்ந்திருப்பவர் முழுநேர முனிவர். அவரால் எறும்புகளைத் தவிர வேறு யாருக்கும் தொந்தரவு கிடையாது. தவணை முனிவர் வீட்டிலேயே இருப்பார். காலையில் கொஞ்ச நேரம் முனிவராக இருந்துவிட்டு, மிச்ச நாள் முழுவதும் தான் முனிவராக இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "சாப்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதன் "ஆச்சு" என்பான், அல்லது "இனிமேதான்" என்பான். தவணை முனிவர் கண்ணை மூடுவார். மூச்சை இழுப்பார். அந்த மூச்சு உள்ளே போய், எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவகாசமாக வெளியே வருகிறவரை நீங்கள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு "ம்" என்பார். யாராவது அவரிடம் கோபமாகப் பேசினால் லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்து இதுவரை யாருக்கும் கோபம் தணிந்ததில்லை. "இப்பல்லாம் நான் கோபப்படறதே இல்ல" என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். சொல்லும்போது பற்கள் பிரியாது.

சாமான்களைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். ஒரு பாய், அந்தப் பாய்மேல் போட ஒரு வட்டத் திண்டு, திண்டு வழுக்காமல் இருக்க அதற்கடியில் ஒரு துண்டு, தொடங்குவதற்கு ஒரு மணி, முடிப்பதற்கு அதே மணி, காட்டு வாசனை வருகிற ஒரு குப்பி, மெழுகுவத்தி, இன்னொருவரும் சேர்ந்து குடியிருக்கக்கூடிய அளவுக்குத் தொளதொளவென்று ஒரு கால்சட்டை. சும்மா உட்காருவதற்கு இவ்வளவு சாமான் எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டால் சிரிப்பார்.

இவரை எனக்கு எப்படி இவ்வளவு நெருக்கமாகத் தெரியும்? தினமும் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைதான் என் இருக்கை. என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. யோசித்துப் பாருங்கள். வண்டி எங்கே போகிறது என்பது இன்னொருவர் கையில்; அது நிற்குமா என்பது மட்டும் என் காலில். இப்படி ஓர் இடத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவனுக்கு ரத்தக் கொதிப்பு வராமல் வேறென்ன வரும்? நான் கத்துவேன். "கிளட்ச்" என்று கத்துவேன், "அது கிளட்ச் இல்ல" என்று கத்துவேன், "கண்ணாடியப் பாருங்க, உங்க முகத்த இல்ல, பின்னாடி வர்ற லாரிய" என்று கத்துவேன். என்னிடம் கற்றவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கத்து நடைபாதைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒருநாள் தலை சுற்றியது. டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "இது ரத்த அழுத்தம் மாதிரி இல்ல, நீங்க போற வேகம் மாதிரி இருக்கு" என்றார். மாத்திரை எழுதினார். "கோபத்தைக் குறைங்க. தினமும் காலையில கொஞ்ச நேரம் உங்களுக்குன்னு ஒதுக்குங்க" என்றார்.

டாக்டர் சொன்னது ஒதுக்குங்க. நான் வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொன்னது, ஒதுங்குங்க.

எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. நானும் மனைவியும்தான். அவள் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். எந்த மருந்து எந்த அலமாரியில், எது எந்த மாதம் காலாவதியாகும், எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெறப் போகிறார், அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், நேர்முகத் தேர்வு உண்டு. அதற்காக அவள் விடிந்ததும் எழுந்து, பின்பக்கச் சின்ன அறையில் மேசை போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே அமைதியான அறை அது. தெருச் சத்தம் வராது, வெளிச்சம் நன்றாக வரும், கதவும் ஒழுங்காகச் சாத்திக்கொள்ளும்.

எனக்குத் தியானத்துக்கு எந்த அறை பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதேதான்.

"உனக்கு எங்க உக்காந்தாலும் படிக்க வரும்" என்றேன். அவள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய் சமையல் மேடையில், அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவில் அடுக்கினாள். மேசையை நானே தூக்கிக் கூடத்தில் போட்டேன். தூக்கியது நான்தான் என்பதை அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டியவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. காப்பீடு விற்பவன். இப்போது கொஞ்ச நாளாக மன அமைதியும் சேர்த்துச் சொல்கிறான். "அத்தான், போன குடுங்க" என்று வாங்கி அதில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தான். திறந்தால் ஓர் அம்மாள் பேசுவாள். குழந்தைக்கு மருந்து புகட்டப் போகிறவளின் குரல் அவளுக்கு. "மூச்சைக் கவனியுங்கள். எண்ணங்கள் வரும், போகும். சத்தங்கள் வரும், போகும். எதையும் பிடித்து வைக்காதீர்கள். கவனியுங்கள். போக விடுங்கள்."

முதல் நாள் உட்கார்ந்தேன். மூச்சைக் கவனித்தேன். அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. அதில் திருத்தம் சொல்ல ஒன்றுமில்லாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் பின்டயரில் காற்று குறைவு என்பது நினைவுக்கு வந்தது. போக விட்டேன். பல் டாக்டர் ஒருவர் என்னிடம் கற்றுக்கொள்கிறார், அவர் மூன்றாவது கியருக்குப் பதில் முதல் கியரைப் போட்டது நினைவுக்கு வந்தது. அதைப் போக விட மனமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவரைக் கொஞ்சம் திட்டினேன். பிறகு, மற்றவர்கள் எல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. ஆகவே நான்தான் முதலிடம்.

விடாமல் செய்தால் ஆப்பில் ஒரு சின்னத் தீபம் எரியும். ஒருநாள் விட்டாலும் அணைந்துவிடும். பற்றை விடுவதற்காக உட்கார்ந்தவன் அந்தத் தீபத்தைப் பற்றிக்கொண்டேன். காய்ச்சல் என்றாலும் உட்கார்ந்தேன். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் துணி மாற்றுகிற அறையில், அவர்களை வெளியே நிற்க வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மச்சினனுடைய தீபம் நடுவில் ஒருதரம் அணைந்துபோனது என்று கேள்விப்பட்டபோது எனக்குள் பரவிய நிம்மதி இருக்கிறதே, அத்தனை தியானத்திலும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

அமைதிக்கு முன்னால் ஓர் அமளி உண்டு. தவணை முனிவரின் வீட்டில் அதைத் தினமும் கேட்கலாம். ஜன்னல்களை ஒவ்வொன்றாக அறைந்து சாத்துவேன். பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். குழாய் சொட்டுகிறதா என்று பார்த்து முறுக்குவேன். வாசல் மணியின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். போனை வாயடைத்து வைப்பேன். பிறகு சமையலறை வாசலில் நின்று, "நான் உக்காரப் போறேன்" என்று அறிவிப்பேன். விமானம் கிளம்பப் போகிறது என்று சொல்கிற தோரணையில்.

"நீங்க அமைதியாகறதுக்கு முன்னாடி பண்ற சத்தத்தக் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்" என்றாள் மனைவி ஒருநாள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான்.

பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு சத்தம் வந்துகொண்டிருந்தது. அங்கே இருப்பவரைக் கட்டடத்தில் எல்லோரும் தையலக்கா என்பார்கள். என்னைவிட மூத்தவர், தனியாள், வீட்டிலேயே வைத்துத் துணி தைக்கிறார். அவருடைய மோட்டார் மெஷின் என் தியான அறைச் சுவருக்கு அந்தப்பக்கம். ஓடும்போது சுவரே பல்லைக் கடிப்பதுபோல இருக்கும். நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, காலையில கொஞ்ச நேரம் மெஷின நிறுத்தி வைக்க முடியுமா? நான் தியானம் பண்றேன்."

"தியானத்துல இதெல்லாம் கேக்குமா தம்பி?"

"ஆரம்பத்துல கேக்கும்."

"அப்ப எனக்குத்தான் புரியல. தியானம் பண்ணா எதுவும் கேக்காமப் போயிரும்னு நினைச்சிருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "சரி, அந்நேரத்துல நான் பட்டன் தைக்கிறேன். அதுக்கு ஊசி போதும்."

அவருக்கு வருகிற வேலையெல்லாம் காலையிலேயே முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

வேலையிடத்திலும் என் அமைதி பரவியது. பல் டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் கத்திக் கத்தி ஒருவாறு ஓட்டப் பழகியிருந்தார். ஒருநாள் நாற்சந்தியில் சிவப்பு விளக்கை நோக்கி வண்டி போகிறது. வேகம் குறையவில்லை. நான் அந்த ஆப் அம்மாளின் குரலில், "எதிர்ல ஒரு சிவப்பு இருக்கு. அதைக் கவனிங்க" என்றேன்.

"கவனிச்சிட்டேன் சார். நிறுத்தணுமா?"

"உங்களுக்குள்ள என்ன தோணுதுன்னு பாருங்க."

"எனக்குப் பயமா இருக்கு சார். பிரேக்கு அடிக்கணுமா வேண்டாமான்னு சொல்லுங்க சார்."

பிரேக்கை நான்தான் அடித்தேன். பின்னால் வந்த வேன்காரர் இறங்கி வந்து எங்கள் இருவர் பரம்பரையையும் விசாரித்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் என் சட்டையைப் பிடித்தார். பல் டாக்டர்தான் சமாதானம் செய்து, தன் முகவரிச் சீட்டைக் கொடுத்து, ஒருதரம் இலவசமாகப் பல் பார்ப்பதாக ஒப்புக்கொண்டு அனுப்பி வைத்தார். வண்டியில் ஏறியதும், "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. நீங்க பழையபடியே திட்டுங்க சார். நீங்க கத்தினா, இன்னும் மோசமாகலைன்னு ஒரு தைரியம் இருக்கும். இப்படிச் சாந்தமாப் பேசினா, எல்லாம் முடிஞ்சுபோச்சோன்னு தோணுது" என்றார்.

வளராத ஆத்மா என்று அவரை மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

இப்படியாக நான் உயர்ந்துகொண்டிருக்கும்போது மனைவியின் நேர்முகத் தேர்வு நாள் வந்தது.

அன்றைக்கு அவள் எனக்கு முன்னாலேயே குளித்து, நல்ல உடை உடுத்தித் தயாராக இருந்தாள். முந்தின நாள் துவைத்த படுக்கை விரிப்புகள் மெஷினிலேயே கிடந்தன. விட்டால் நாறும் என்று, கிளம்புவதற்கு முன்னால் அவற்றைக் காயப்போட வாளியோடு பால்கனிக்குப் போனாள். கொடியில் ஒரு பெரிய விரிப்பைப் போட்டு, அதற்கு அந்தப்பக்கம் நின்று கவ்விகளை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் என் சுற்றுக்குக் கிளம்பினேன். ஜன்னல்கள். குழாய். பால்கனிக் கதவு. வெளியே ஒரு வெள்ளை விரிப்பு காற்றில் ஆடுவதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. அதை ஒரு கணம் கவனித்தேன். போக விட்டேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சமையலறையில் ஆள் இல்லை. சரி, கிளம்பிப் போய்விட்டாள் போலிருக்கிறது, சொல்லிக்கொள்ளாமல் போனது என் அமைதியைக் கருதித்தான் என்று மெச்சிக்கொண்டு, அறைக்குள் போய் மணியை அடித்து உட்கார்ந்தேன்.

முதலில் லேசாகத் தட்டுகிற சத்தம் வந்தது. சத்தங்கள் வரும், போகும் என்றாள் அம்மாள். பிறகு, "என்னங்க" என்று ஒரு குரல். தெரிந்த குரல்தான். தூரத்திலிருந்து வருவதுபோல இருந்தது. எண்ணமாகவும் இருக்கலாம், மனைவி கூப்பிடுவது என்பது எந்தக் கணவன் மனதிலும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருப்பதுதானே? "என்னங்க, கதவத் திறங்க." கவனித்தேன். போக விட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அன்றைக்கு என் தியானம் மிகப் பிரமாதமாக அமைந்தது. அவ்வளவு நெருக்கமான ஒரு குரலையே போக விட முடிந்ததே என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம். கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைகிற சத்தம் கேட்டபோதும் நான் அசையவில்லை. வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கூரைத் தகரத்தில் அது விழுகிற ஓசை இனிமையாக இருந்தது.

அடுத்த பால்கனியில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த தையலக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மெஷின் ஓடாததால்தான் அவருக்கு என் மனைவியின் குரல் கேட்டது. ஓடி வந்து எங்கள் வாசல் மணியை அழுத்தினார். பேட்டரி என் சட்டைப்பையில். கதவைத் தட்டினார். கவனித்தேன், போக விட்டேன். போனில் கூப்பிட்டார். அது வாயடைத்துக் கிடந்தது. இரண்டு பால்கனிகளுக்கும் நடுவில் தாண்ட முடியாத இடைவெளி. கீழே சிமென்டுத் தரை. தூறல் வலுத்தது. மனைவி நல்ல உடையோடு, ஈர விரிப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் மெஷின் ஓட ஆரம்பித்தது.

சுவர் பல்லைக் கடித்தது. நிற்கவே இல்லை. துணி மாற்றுவதற்கு, நூல் கோப்பதற்கு என்று நடுவில் ஓய்வு விடுவார்கள் அல்லவா, அதுகூட இல்லை. கவனித்தேன். போக விட முயன்றேன். அது போகவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டு இப்படிச் செய்யலாமா, வயதில் பெரியவர், வாக்கு என்று ஒன்று இல்லையா? மனைவியின் குரலுக்கு எழுந்திருக்காதவன் இதற்கு எழுந்தேன். தொளதொளக் கால்சட்டை தடுக்க, கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தேன்.

தையலக்கா வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. அவர் மெஷின் முன்னால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஊசி மேலும் கீழும் பறந்துகொண்டிருந்தது. அடியில் துணி எதுவும் இல்லை.

என்னைப் பார்த்ததும் காலை எடுத்தார். மெஷின் நின்றது.

"வந்துட்டீங்களா? உங்க வீட்டம்மா பால்கனியில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. போய்த் தாழ்ப்பாளத் திறங்க."

நான் திறந்தேன். அவள் உள்ளே வந்தாள். தலை நனைந்திருந்தது, தோள்பட்டையில் உடை ஒட்டியிருந்தது, கண்ணாடியை அறைந்த உள்ளங்கை சிவந்திருந்தது. துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டே கைப்பையை மாட்டினாள். பஸ் போயிருந்தது.

"வா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

பயிற்சிக் காரில் போனோம். மேலே பயிற்சிப் பள்ளிப் பலகை, முன்னாலும் பின்னாலும் பெரிதாக எழுத்து. கற்றுக்கொள்கிற வண்டி என்று எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், அல்லது முந்திக்கொண்டு போனார்கள். யாரும் வழி விடவில்லை. இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த அமைதியெல்லாம் முதல் திருப்பத்திலேயே ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டது. நான் கத்தினேன். லாரியைக் கத்தினேன், சைக்கிளைக் கத்தினேன், விளக்குக் கம்பத்தைக் கத்தினேன். ஓட்டுவது நானே என்பதால் கிளட்ச் விஷயத்தில் மட்டும் யாரையும் கத்த முடியவில்லை.

அவள் எனக்காக இருக்கிற இருக்கையில், எனக்காக இருக்கிற பிரேக்குக்கு மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். காது மந்தம், மழைச் சத்தம், எத்தனையோ இருக்கின்றன. அவள் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் அப்படிக் கேட்டாள். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. போக விட்டுட்டேன்."

விளக்கு பச்சையாயிற்று. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் முதல் கியரைப் போட மறந்து வண்டியை அணைத்துவிட்டேன். பல் டாக்டர்கூட அப்படிச் செய்ததில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்தவர்களுக்குப் போய்விட்டார்களாம். கெஞ்சிக் கேட்டதில் எல்லோருக்கும் கடைசியில் வைத்திருக்கிறார்கள். நான் வெளியே மரத்தடியில் வண்டியில் காத்திருந்தேன். தியானம் செய்யலாம் என்று கண்ணை மூடினேன். மூடியதும், "என்னங்க, கதவத் திறங்க" என்றது. இந்தத் தடவை போக மாட்டேன் என்றது. கண்ணைத் திறந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளுடைப் பெண்கள் வந்தார்கள், சக்கர நாற்காலிகள் வந்தன, அவள் வரவில்லை. இடுப்பு வலித்தது. பசித்தது. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவனைப் போல அப்படியே இருந்தேன்.

வந்தாள். ஏறினாள். கதவைச் சாத்தினாள்.

"எப்படிக் கேட்டாங்க?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டேன்." பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "ஏன் லேட்டுன்னு கேட்டதுக்கு மட்டும் சொல்லல. என்னன்னு சொல்றது?"

அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இன்னொருவருக்குப் போயிற்று. அவரும் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் எந்த மருந்து எந்த அலமாரியில் என்று தெரியாமல் இன்றைக்கும் இவளைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார். காலையில் என் ரத்தக் கொதிப்பை அளக்கிற பட்டையை அவளே சுற்றுகிறாள், அவளே அழுத்துகிறாள், எண்ணைச் சொல்கிறாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் சிரித்துச் சமாளித்திருப்பேன்.

சேதி வந்த அன்று சாயங்காலம் சொன்னாள்: "நாளையிலேருந்து காலையில அந்த ரூம் எனக்கு."

"தியானம் பண்ணப் போறியா?" என்று ஆவலாகக் கேட்டேன். பாய், திண்டு, மணி எல்லாம் தரத் தயாராக இருந்தேன்.

"இல்ல. கதவச் சாத்திக்கிட்டு உக்காரப் போறேன். படிக்கணும்னு தோணினாப் படிப்பேன். இல்லேன்னா சும்மா இருப்பேன். யாரும் கூப்பிடக் கூடாது."

மறுநாள் கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே நின்றேன்.

அப்போதுதான் ஒன்று தெரிய வந்தது. காலையில் ஒரு வீடு மனிதனைக் கூப்பிடுகிற மாதிரி வேறு எதுவும் கூப்பிடுவதில்லை. பால் பொங்குகிறேன் என்று கூப்பிடுகிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறேன் என்கிறது. வாசலில் குப்பை வண்டி, பின்னால் துணி மெஷின், மேடையில் நறுக்காத காய், அடியில் பிடிக்கிற பாத்திரம், போனில் மச்சினன், மணியில் தையலக்கா, "தம்பி, கொஞ்சம் சர்க்கரை இருக்கா?" ஒன்றுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று. இவ்வளவும் அன்றைக்குப் புதிதாக முளைத்ததா? நான் உள்ளே மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இவை கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. யாரோ ஒருத்தி, புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, சத்தம் என் அறை வாசலைத் தொடுவதற்குள் ஒவ்வொன்றையும் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறாள். என் அமைதி என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

முதல் வாரம் பால் தினமும் பொங்கியது. தையலக்காவிடம் போய், மெஷினை எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று சொன்னேன். "நான் அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேனே தம்பி. உங்களுக்குக் கேக்கலையா?" என்றார். கேட்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகவே நான் திருந்திவிட்டேன் என்று முடிவுகட்டி விடாதீர்கள். தவணை முனிவர் திருந்துவதில்லை. வேறு வகையாகக் கிளை விடுகிறார். போன வாரம் மச்சினன் பேசினான். தீபம் என்னாயிற்று என்று கேட்டான். நான் சோப்பு நுரையோடு ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, உக்காந்து கண்ண மூடறதெல்லாம் ஆரம்ப நிலை. பாத்திரம் தேய்க்கிறோமே, அதுவே பெரிய தியானம். அந்தத் தட்டு, அந்தத் தண்ணி, அந்தக் கணம்" என்று விளக்க ஆரம்பித்தேன். குரல் தானாகவே அந்த அம்மாளின் குரலாக மாறியது. தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன அறையின் கதவு லேசாகத் திறந்தது.

"என்னங்க."

"இதோ வந்துட்டேன்."

"வர வேண்டாம். குழாய மூடிட்டுப் பேசுங்க."

மூடினேன். கதவும் மூடிக்கொண்டது. அடுத்த நேர்முகத் தேர்வு எப்போது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டேன். "வரும்போது சொல்றேன்" என்றாள். அன்றைக்கு எந்தப் பஸ், யார் துணி காயப்போடுவது என்பதையெல்லாம் நான் யோசித்து வைத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்ள வாய் துறுதுறு என்கிறது. அடக்கிக்கொண்டிருக்கிறேன். உண்மையான பயிற்சி என்று ஏதாவது இருந்தால் இதுதான். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார்.

இதுவரை படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். நமக்குத் தியானப் பழக்கம் கிடையாது, பாய் கிடையாது, மணி கிடையாது, இந்த ஆள் யாரையோ சொல்கிறான் என்று. நல்லது. ஆனால் தவணை முனிவருக்குப் பாய் கட்டாயமில்லை. ஒரு நாற்காலி போதும், கையில் படிக்க ஏதாவது ஒன்று போதும். நீங்கள் இதைக் கையில் எடுத்ததிலிருந்து வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, கவனித்தீர்களா? அது தானாக வந்த அமைதியா? நடுவில், உள்ளேயிருந்து ஒரு குரல் உங்களைக் கூப்பிட்டது. தலையைத் தூக்காமல் "இதோ" என்றீர்கள். அதற்கப்புறம் எவ்வளவு படித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.